பாதி விலை லேப்டாப்: பணம் கொடுக்கும் முன்

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை நடத்துபவருக்கும் சரி, பனியன் ஜாப் வொர்க் எடுப்பவருக்கும் சரி, பில் போடவும் ஜிஎஸ்டி கணக்குக் காட்டவும் இன்று ஒரு லேப்டாப் வேண்டியிருக்கிறது. கை இறுக்கமான நேரத்தில், "காலேஜ் பையனோடதுங்க, பெட்டியே பிரிக்கல, பாதி விலைக்குத் தர்றோம்" என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கத்தான் தோன்றும். விலை பேசும் முன், அதை விற்க அவருக்கு உரிமை உண்டா என்று கேளுங்கள்.

அது அரசு கொடுத்த லேப்டாப்பாக இருக்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் என்ற அரசு நிறுவனம் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு வழங்கும் அறிவிப்பு 2025 மார்ச் பட்ஜெட்டில் வந்தது. படிப்பதற்காகக் கொடுத்தது, சந்தைக்கு வரக் கூடாது. மேல்மூடியில் அரசு முத்திரை இருந்தாலோ, அதைச் சுரண்டிய தடம் தெரிந்தாலோ வாங்காதீர்கள். பள்ளிப் பூட்டை உடைத்து லேப்டாப் திருடிய வழக்குகள் தமிழ்நாட்டில் பல உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. பில் இல்லாத பாதி விலையே வழக்கில் உங்களுக்கு எதிராகப் பேசும்.

கம்பெனிகள் தரும் மாணவர் தள்ளுபடி வேறு கதை. ஆப்பிள் போன்றவை சொந்த உபயோகத்துக்குத்தான் அந்த விலையில் தருகின்றன. மறுவிற்பனைக்கு வாங்கியது தெரிந்தால் விலை வித்தியாசத்தை வசூலிக்கவும் நிபந்தனை வைத்திருக்கின்றன. இதில் எனக்குப் பெரிய கவலை மாணவர்களைப் பற்றியது. "உன் ஐடி கார்டு மட்டும் கொடு தம்பி, செலவுக்குப் பணம் தர்றேன்" என்று வருபவர் லாபத்தோடு போய்விடுவார். ஆர்டர், பில், தவணைக் கடன் எல்லாம் மாணவர் பெயரில் நிற்கும். தவணை தவறினால் கடன் தகுதி மதிப்பெண் சரிந்து, நாளைக்குக் கல்விக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும். தம்பி, தங்கைகளே, அந்த கார்டைக் கொடுக்காதீர்கள்.

வாங்குபவர் அசல் பில்லைக் கேட்டு, அதிலுள்ள சீரியல் நம்பரையும் லேப்டாப்பில் உள்ளதையும் ஒப்பிட வேண்டும். லேப்டாப்பில் உள்ள தன் பழைய கணக்கை விற்பவரே உங்கள் முன்னால் நீக்கட்டும். நீக்காவிட்டால் லேப்டாப் பின்னால் பூட்டிக்கொள்ளலாம். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

மீறி ஏமாந்துவிட்டால்? விற்க உரிமை இல்லாதவர் விற்றிருந்தால், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கடையில் சொந்த உபயோகத்துக்கோ, பிழைப்புக்கான சுயதொழிலுக்கோ வாங்கியிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் வழக்கைத் திருப்பூரிலேயே போட முடியும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆன்லைனில் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதமில்லாமல் சொன்னால்தான் அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க வழியிருக்கும்.