ஒரே வேகத்தில் ஓட்டினால் போதுமா?

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பயணத்தில் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் சைக்கிளில் கடக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இதில் சேர, அதே ஆண்டில் பிரெவெட் எனப்படும் 200, 300, 400, 600 கிலோமீட்டர் தகுதி ஓட்டங்களை உரிய நேரத்தில் முடித்திருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் சேர்த்து மணிக்கு 13 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான சராசரிதான் தேவை. எனவே பலரும் ஞாயிறுதோறும் அதே சாலையில், அதே வேகத்தில், நெடுந்தூரம் ஓட்டுவதையே பயிற்சி என்று நினைத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் அது நல்ல பலன் தரும். பழகிய சுமைக்கு உடல் மேலும் மாற வேண்டிய அவசியமில்லை என்பதால், பிறகு முன்னேற்றம் நின்றுவிடும். அதற்கு மேல் தூரத்தை மட்டும் கூட்டினால் கூடுவது களைப்புதான்.

1996-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்றில், தேர்ந்த வீரர்களின் வழக்கமான பயிற்சியில் ஏறக்குறைய 15 சதவீதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஐந்து ஐந்து நிமிடக் கடும் ஓட்டங்களை வைத்தார்கள். நான்கே வாரங்களில் 40 கிலோமீட்டர் ஓட்டத்தில் சுமார் இரண்டு நிமிடம் குறைந்தது. பயிற்சியைக் கூட்டாமல் மாற்றியதாலேயே கிடைத்த பலன் இது. கடும் பயிற்சியைத் தினமும் செய்வதும் தவறு. நார்வேயில் பணியாற்றும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீஃபன் சைலர், தாங்குதிறன் விளையாட்டுகளில் முன்னணியில் இருப்பவர்களின் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு, பேசிக்கொண்டே ஓட்டும் அளவுக்கு இலேசானது என்று காட்டினார். பெரும்பாலான பொழுதுபோக்கு ஓட்டிகளோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். இலேசான நாளில் மூச்சிரைக்கிறார்கள். கடுமையான நாளுக்குக் கால்களில் தெம்பு இருப்பதில்லை.

மணிக்கு 13 கிலோமீட்டருக்கு எதற்கு இந்தக் கடும் ஓட்டம் என்று கேட்கலாம். உச்சத் திறன் உயர்ந்தால் அதே வேகம் உடலுக்கு இலேசாகிறது. கொழுப்பு அதிகம் எரிந்து, கையிருப்பு குறைவான மாவுச்சத்து மிச்சமாகிறது. தவிர, அந்தப் பாதையின் மொத்த ஏற்றம் 10,000 மீட்டருக்கும் மேல். சமதளமான கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டுமே ஓட்டிப் பழகிய கால்களுக்கு அது கடினம். எதிர்காற்றில் கனமான கியரில் ஓட்டினால் ஓரளவு ஈடுகட்டலாம். எடைப் பயிற்சி உடலைக் கனமாக்கிவிடும் என்ற அச்சமும் பலருக்கு உண்டு. நார்வேயில் தேர்ந்த ஓட்டிகள் 12 வாரம் எடைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தபோது, மூன்று மணி நேர ஓட்டத்துக்குப் பின் கடைசி ஐந்து நிமிடத்தில் அவர்கள் காட்டிய ஆற்றல் கூடியது. களைத்த பிறகும் கால் உழைப்பதுதானே நெடுந்தூர ஓட்டிக்கு வேண்டியது?

நெடுந்தூர ஓட்டத்துக்கு ஈடு எதுவுமில்லை என்ற வாதத்தில் மட்டும் முழு நியாயம் உண்டு. சீட்டில் பல மணி நேரம் உட்காருவது, ஓட்டியபடி உண்டு செரிப்பது, இரவில் தூக்கத்தை வெல்வது ஆகியவற்றைக் குறுகிய பயிற்சி கற்றுத் தராது. அதனால் நெடுந்தூர ஓட்டத்தைக் கைவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளை அதற்கும், ஒரு நாளைக் கடும் ஓட்டத்துக்கும், ஒரு நாளை எடைக்கும் ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் மெதுவாக ஓட்டுங்கள், அல்லது முழுதாக ஓய்வெடுங்கள்.