பிள்ளை இன்னும் பேசவில்லையா?

மூன்று வயது ஆகிறது. ஓடுகிறான். ஏறுகிறான். குதிக்கிறான். ஆனால் "அம்மா" என்று வாய் திறந்து கூப்பிடவில்லை. வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் தலையைத் தரையில் மோதிக்கொண்டு அழுகிறான். கூட விளையாடும் பிள்ளைகளைக் கடித்து விடுகிறான்.

இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்ற மனம் என்ன பாடுபடும்!

ஊரார் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும்" என்பார் ஒருவர். "அவன் அப்பனும் நாலு வயசிலேதான் பேசினான்" என்பார் பாட்டி. "நாக்கிலே வசம்பு உரைத்துத் தடவு" என்பார் இன்னொருவர். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று பழியைத் தாய்மேல் போடுகிறவர்களும் உண்டு.

இத்தனை பேரும் சொல்லாத யோசனை ஒன்று இருக்கிறது. பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதுதான் அது.

இரண்டு பாஷை ஊர்

திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது அம்மையார்குப்பம். நெசவாளர்கள் நிறைந்த ஊர். திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி வரை ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்றுதான் தமிழகத்துடன் சேர்ந்தது. ஆகவே இந்தப் பக்கத்தில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும்.

"வீட்டிலே ஒரு பாஷை, தெருவிலே ஒரு பாஷை. பிள்ளை குழம்பிப் போய்விட்டது. அதனால்தான் பேசவில்லை" என்று இங்கே சொல்வது எளிது.

இது சரியல்ல. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தடைப்படாது. உலகத்தில் கோடிக்கணக்கான பிள்ளைகள் இரண்டு மொழி கேட்டே வளர்கிறார்கள். தமிழில் பத்து வார்த்தை, தெலுங்கில் பத்து வார்த்தை சொல்லும் பிள்ளைக்கு இருபது வார்த்தை தெரியும் என்றுதான் கணக்கிட வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்தும் குறைவாக இருந்தால், காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது.

குமரகுருபரர் கதை

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் பேச்சு வந்து, 'கந்தர் கலிவெண்பா' பாடினார் என்றும் சொல்வார்கள். பேசாத பிள்ளை உள்ள வீடுகளில் இந்தக் கதை அடிக்கடி வரும். "ஐந்து வயது வரை பார்ப்போம்" என்று அதோடு முடியும்.

வேண்டுதல் தவறல்ல. திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி முருகனை வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் படி இறங்கியதும் டாக்டரிடமும் போங்கள். காத்திருப்பதால் வரும் நஷ்டம் பெரிது.

காது கேளாத பிள்ளையை எடுத்துக்கொள்வோம். முதல் சில ஆண்டுகளில்தான் மூளை பேச்சை வெகு வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. அப்போது சத்தமே உள்ளே போகாவிட்டால், பிறகு கற்றுக்கொள்வது மிகக் கடினம். காதுக்குள் கருவி பொருத்தும் 'காக்ளியர்' ஆபரேஷன் பல லட்ச ரூபாய் செலவு பிடிக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது இலவசமாகச் செய்யப்படுகிறது. ஆனால் பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். அதுவும் எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு பலன். ஐந்து வயது வரை காத்திருந்துவிட்டு அதன் பிறகு டாக்டரைத் தேடினால், என்ன மிஞ்சும்?

எந்த வயதில் என்ன?

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விதம். ஆனாலும் டாக்டர்கள் சில அடையாளங்களைச் சொல்கிறார்கள்.

ஒரு வயதில் பிள்ளை மழலை பேச வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். கையசைத்து 'டாட்டா' காட்ட வேண்டும்.

ஒன்றரை வயதுக்குள் சில வார்த்தைகளாவது வர வேண்டும். "அதோ நிலா!" என்பதுபோல் விரலை நீட்டி நமக்குக் காட்ட வேண்டும்.

இரண்டு வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியம் பேச வேண்டும். வெளியாருக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும்.

இவை வராவிட்டால் போய்க் காட்டுங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால், எந்த வயதானாலும் உடனே போங்கள்.

காரணம் ஒன்றல்ல

பேச்சு வராததற்குப் பல காரணங்கள் உண்டு. காது கேளாமை ஒன்று. அடிக்கடி சளி பிடித்து, காதுக்குள் நீர் கோத்துக்கொள்வது இன்னொன்று. அறிவு வளர்ச்சி தாமதம், மூளைவாதம், மேலண்ணப் பிளவு ஆகியவையும் காரணமாகலாம். ஒன்றும் இல்லாமல் சற்றுத் தாமதமாகப் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. வசம்பு தடவினால் காது கேட்காது. நாக்கு ஒட்டியிருக்கிறது என்று அறுத்துவிட்டாலும் பேசாத பிள்ளை பேசிவிடாது.

ஆட்டிசம் என்பது இன்னொரு காரணம். இந்தப் பிள்ளைகள் கூப்பிட்டால் திரும்புவது குறைவு. முகம் பார்ப்பது குறைவு. கைகளைச் சிறகுபோல் அடித்துக்கொள்வார்கள். சில சத்தங்களுக்குக் காதைப் பொத்திக்கொள்வார்கள். வழக்கம் சற்று மாறினாலும் அலறுவார்கள். நெசவாளர் வீட்டில் தார் சுற்றும் ராட்டினத்தை எந்தப் பிள்ளையும் வேடிக்கை பார்க்கும். ஆனால் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பாமல், பல மணி நேரம், நாள்தோறும் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடிப்பதும் மோதுவதும் எப்போதும் முரட்டுத்தனம் அல்ல. பசி, வலி, பயம் எதையும் சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளை வேறு என்ன செய்யும்? அடித்தால் அழுகை கூடுமே தவிர, வார்த்தை வராது.

முப்பத்து மூன்று பக்கக் கடிதம்

அமெரிக்காவில், மிஸிஸிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்று ஒரு சிற்றூர். 1933ல் அங்கே டொனால்ட் டிரிப்லெட் என்ற பிள்ளை பிறந்தான். கையில் கிடைத்ததைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். அப்பா அம்மாவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். யோசனை சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு, மூன்று வயதில் அவனை ஒரு விடுதியில் விட்டார்கள். ஓராண்டு போல அங்கே இருந்தான். பெற்றோருக்கு மனம் பொறுக்கவில்லை. திரும்ப அழைத்து வந்தார்கள்.

1938ல் பால்டிமோர் நகரில் இருந்த லியோ கேனர் என்ற டாக்டரிடம் போனார்கள். அதற்கு முன், மகனைப் பற்றித் தாம் கண்டதையெல்லாம் 33 பக்கக் கடிதமாக எழுதி அனுப்பினார் தந்தை. அந்தக் கடிதம் டாக்டருக்குப் பெரிய உதவியாக இருந்தது. டொனால்டையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகளைப் பற்றி 1943ல் கேனர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் என்பதை உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

டொனால்ட் என்ன ஆனார்? கல்லூரியில் படித்தார். சொந்த ஊரில் பாங்கியில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார். கார் ஓட்டினார். கோல்ஃப் ஆடினார். ஊரார் அவரைத் தங்களில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள். 2023ல், 89ஆம் வயதில் காலமானார்.

எல்லாப் பிள்ளையும் இப்படி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் ஒரு பெயர் வைத்ததோடு பிள்ளையின் வாழ்வு முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

தாயின் அன்பு குறைந்ததால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1964ல் ஒரு புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவரும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தந்தைதான். இன்று எந்த நல்ல டாக்டரும் தாயைக் குற்றம் சொல்வதில்லை.

சரி, எங்கே போவது?

முதலில் அங்கன்வாடிக்குப் போங்கள். 2013ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, ஆண்டுக்கு இரண்டு முறை டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று. வண்டி வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம்.

அங்கிருந்து மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் 'டி.இ.ஐ.சி.' என்று சொன்னால் தெரியும். இன்னும் பெரிய இடம் வேண்டுமானால் சென்னை எழும்பூரில் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் முட்டுக்காட்டில், 2005ல் தொடங்கிய மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது.

தறி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அது தெரிந்ததுதான். ஆகவே போகும்போதே தயாராகப் போங்கள்.

அங்கே என்ன செய்வார்கள்?

முதலில் கேள்வி கேட்பார்கள். பிறந்ததும் அழுததா? மஞ்சள் காமாலை, வலிப்பு வந்ததா? எப்போது நடந்தது? எத்தனை வார்த்தை சொல்லும்?

அடுத்தது காது. கதவைச் சாத்தினால் திரும்புகிறதே என்று நீங்கள் சொன்னாலும் காதைச் சோதிப்பார்கள். சத்தம் கேட்டுத்தான் திரும்பியது என்பதற்கு அது போதாது. அதிர்வை உணர்ந்தும் பிள்ளை திரும்பலாம். 'பெரா' என்ற சோதனையில், தூங்கும் பிள்ளையின் தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். வலி கிடையாது.

பிறகு கட்டை அடுக்கச் சொல்வார்கள். படம் காட்டுவார்கள். பந்தை உருட்டி விளையாடுவார்கள். அது விளையாட்டல்ல, அதுதான் பரிசோதனை. ஒரே நாளில் முடியாமலும் போகலாம்.

நீங்கள் எடுத்துப் போக வேண்டியவை: தடுப்பூசி அட்டை. பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு. தமிழிலும் தெலுங்கிலும் பிள்ளை சொல்லும் வார்த்தைகளின் பட்டியல். வீட்டில் பிள்ளை இருக்கும் விதத்தைச் செல்போனில் எடுத்த படம். டொனால்டின் தந்தை 33 பக்கம் எழுதினார். உங்களுக்கு ஒரு பக்கம் போதும். எழுத வராவிட்டால் அங்கன்வாடி டீச்சரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

சட்டம் துணை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம், பேச்சுக் குறைபாடு, காது கேளாமை ஆகியவை அதில் உண்டு. குறைபாடு குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைக்கும். அவை உதவி பெறத்தான். பிள்ளையை ஒதுக்கிவைக்க அல்ல.

பயிற்சி வீட்டிலும் நடக்க வேண்டும். வேலை செய்துகொண்டே பேசுங்கள். "இது நூல். சிவப்பு நூல்" என்று சொல்லுங்கள். "பாலா? தண்ணியா?" என்று காட்டிக் கேட்டு, பதிலுக்குச் சற்றுக் காத்திருங்கள். இரண்டு வயதுக்குள் செல்போன் கூடாது, அதற்கு மேல் ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கிறது.

அங்கன்வாடிக்கு டாக்டர் வண்டி அடுத்து எப்போது வருகிறது? நாளைக்கே கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள்.