எரிக்க வேண்டாம், வாட்டினால் போதும்!

ஜெர்மனியில் கோடை பிறந்துவிட்டால் உள்ளூர்ப் பத்திரிகைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். வாசலில் பதித்த கற்களுக்கு நடுவே முளைத்த புல்லை ஒருவர் கேஸ் டார்ச்சால் பொசுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த துயா வேலி பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் வேலி போய்விட்டது. சில வீடுகளில் கூரையும் சேர்ந்து போயிருக்கும். துயா, எண்ணெய்ப்பசை உள்ள மரம். வெளியே பச்சைப்பசேல் என்று நிற்கும் வேலிக்குள் காய்ந்த குச்சியும் சருகும் அடைந்து கிடக்கும். அதற்கு ஒரு பொறி போதும்.

இத்தனைக்குப் பிறகும் அங்கே ஏன் டார்ச்சை விடமாட்டேன் என்கிறார்கள்? கல் பதித்த தரையில் களைக்கொல்லி தெளிப்பதை அந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது. பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ரசாயனக் களைக்கொல்லிகளைப் பூங்கா போன்ற பொது இடங்களில் 2017லும் வீட்டுத் தோட்டங்களில் 2019லும் நிறுத்திவிட்டது. மருந்து வெளியேறிய இடத்தில் நெருப்பு குடிவந்தது. நம் நாட்டிலும் கிளைஃபோசேட் மருந்தை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. இங்கேயும் இப்போது இணையக் கடைகளில் 'களை எரிக்கும் டார்ச்' என்ற பெயரில் நீளக் குழல் ஒன்று விற்பனைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கருவி நமக்குப் புதிதல்ல. மட்டன் கடையில் ஆட்டுத்தலையும் காலும் வாட்டுவதும், மொட்டை மாடியில் தார் ஷீட் ஒட்டுவதும் இதே குடும்பத்து டார்ச்தான். அந்த இரண்டு வேலையிலும் தீயை நேரமெடுத்துக் காட்ட வேண்டும். களைக்கு அப்படிக் காட்டினால் அதுதான் முதல் தப்பு.

பொட்டலம் கட்ட வாழையிலையை அனலில் காட்டுவோம், தெரியுமல்லவா? ஒரு கணத்தில் வெளிர்ப்பச்சை மங்கி, கரும்பச்சையாகப் பளபளத்து, இலை துவண்டுவிடும். களைச்செடிக்கு வேண்டியது அவ்வளவுதான். இலையின் செல்களுக்குள் இருக்கும் நீர் சூட்டில் விரிந்து சவ்வைக் கிழிக்கிறது, புரதம் உறைந்துபோகிறது. இதற்கு நொடியில் ஒரு பகுதி நேரம் போதும். செடி அப்போது பார்க்க ஒன்றும் ஆகாததுபோலத்தான் நிற்கும். சில மணி நேரத்தில் தொங்கும். ஓரிரு நாளில் காய்ந்து சுருங்கும்.

சரியாகப் பட்டிருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. சூடு ஆறியதும் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்துங்கள். விரல் பட்ட இடம் கரும்பச்சைத் தடமாகப் பதிந்தால் வேலை முடிந்தது என்று பொருள். செல்கள் உடைந்து நீர் வெளியே கசிந்திருக்கிறது. தடம் விழவில்லையென்றால் இன்னொரு முறை டார்ச்சை அந்த வழியே ஓட்டலாம். செடி கருகிச் சாம்பலாகும்வரை நிற்பதில் கூடுதல் பலன் கிடையாது. கேஸ்தான் வீண். தீப்பிடிக்கும் ஆபத்தும் அந்தக் கூடுதல் நொடிகளில்தான் கூடுகிறது.

இந்த முறைக்கு வயது அதிகம். அமெரிக்காவில் 1852லேயே தீயால் களையெடுக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். 1940களில் தொடங்கி அந்நாட்டின் தென்மாநிலப் பருத்தி வயல்களில் டிராக்டருக்குப் பின்னால் எரிவாயுத் தீக்குழல்கள் வரிசையாக ஓடின. பருத்தியின் தண்டு முற்றியிருக்கும், அடியில் படும் தீயைத் தாங்கும். நேற்று முளைத்த களை தாங்காது. பிறகு களைக்கொல்லிகள் மலிவாக வந்தன, 1970களில் எரிபொருள் விலை ஏறியது. தீக்குழல்கள் கொட்டகைக்குப் போயின. அவற்றை மறுபடி வெளியே எடுத்தவர்கள் இயற்கை விவசாயிகள்.

அவர்கள் தீயை முக்கியமாகப் பயன்படுத்துவது கேரட் பாத்தியில். கேரட் விதை முளைத்து வர இரண்டு வாரம்கூட ஆகும். களைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, முந்திக்கொண்டு எழும். கேரட் தலைநீட்டுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு பாத்தி முழுவதும் தீயை ஓட்டினால் களைக்குஞ்சுகள் மாயும். மண்ணுக்குள் இருக்கும் கேரட்டுக்கு ஒன்றும் ஆகாது. தீயின் சூடு மேல்மண்ணில் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? விதைத்ததும் பாத்தியின் ஒரு மூலையில் கண்ணாடித்துண்டு ஒன்றைப் படுக்கவைப்பார்கள். அதனடியில் மண் சூடாக இருப்பதால் அங்கே மட்டும் கேரட் சில நாள் முன்னதாக முளைவிடும். அதைப் பார்த்ததும் மிச்சப் பாத்தியில் டார்ச்சை ஓட்ட வேண்டியதுதான். இந்த யுக்தியை நான் மிகவும் ரசிக்கிறேன். கொத்துப் போட்டால் மண் புரண்டு, அடியில் உறங்கிய களை விதைகள் வெளிச்சத்துக்கு வந்து அடுத்த படையாக முளைக்கும். தீ மண்ணைத் தொந்தரவு செய்வதில்லை. கேரட்டோடு, முளைக்க நாள் எடுக்கும் கொத்தமல்லிக்கும் இதைச் செய்யலாம். மூன்றே நாளில் எட்டிப்பார்க்கும் கீரைகளுக்கு விதைத்த பின் அவகாசம் இல்லை. விதைப்பதற்கு முன்பே பாத்தியைத் தயார்செய்து, தண்ணீர் விட்டு, களையை முளைக்கவிட்டு, வாட்டிவிட்டுப் பிறகு விதைக்கலாம்.

இனி, விளம்பரத்தில் சொல்லாத சங்கதி. நம் தோட்டக்காரர்களைக் கண்ணீர் விடவைக்கும் இரண்டு களைகள் கோரையும் அருகும். இரண்டும் தீக்குச் சாவதில்லை. கோரையின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் இருக்கிறது. மேலே வாட்டினால் சில நாளில் புதுத் தளிர் விடும். அருகுக்கு மண்ணடியில் ஓடும் தண்டு. இலை போனாலும் கணுவுக்குக் கணு முளைக்கும். பொதுவாகப் புல்லினங்களின் குருத்து அடியில் உறைக்குள் பத்திரமாக ஒளிந்திருப்பதால் தீ அதை எட்டுவதில்லை. மூக்கிரட்டையும் அப்படித்தான், தடித்த வேரிலிருந்து திரும்ப வரும். சதைப்பற்றுள்ள சாரணையும் பருப்புக்கீரையும் சூட்டை ஓரளவு தாங்கும். (அவற்றைப் பொசுக்குவதைவிடப் பறித்துச் சமைப்பது புத்திசாலித்தனம்.) தீக்கு எளிதில் பணிவது அகன்ற இலையுள்ள இளஞ்செடிகள்: குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, நாலு இலைகூட விடாத பார்த்தீனியம். இடுப்பளவு வளர்ந்த பார்த்தீனியத்தின் முன் டார்ச்சோடு நிற்பது வேடிக்கை மட்டுமே.

ஆக, வீட்டுத் தோட்டத்தில் இதற்கு இரண்டே இடம்: விதைக்கும் முன்போ முளைக்கும் முன்போ உள்ள பாத்தி, மற்றது பேவர் பிளாக் இடுக்கு. இடுக்கில் வேலை செய்யும்போதும் தீயை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். ஈரம் ஏறிய கான்கிரீட்டை ஒரே இடத்தில் சுட்டால் மேல்புறம் பட்டென்று தெறிக்கும். கண்ணாடி அணியாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

மண் ஈரமாக, இலை காய்ந்து இருக்கும் நேரம்தான் உகந்தது. மழை பெய்த மறுநாள் காலை, பனி உலர்ந்த பிறகு, காற்று கிளம்புவதற்கு முன். இலையில் நீர் நின்றால் சூடெல்லாம் அதைக் காயவைப்பதிலேயே செலவாகும். உச்சி வெயிலில் தீயின் நாக்கு கண்ணுக்கே தெரியாது. அது பெரிய ஆபத்து. பங்குனி, சித்திரையில் காய்ந்து கிடக்கும் மனையில் இந்தக் கருவியை வெளியே எடுக்கவே கூடாது.

தொடங்குமுன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். சருகு, தென்னமட்டை, கீற்று வேய்ந்த பந்தல், சொட்டுநீர்க் குழாய், பிளாஸ்டிக் தொட்டி, பக்கத்து வீட்டு வேலி எல்லாம் கணக்கில் வர வேண்டும். மூடாக்கு போட்ட பாத்திப் பக்கமே போகாதீர்கள். தென்னை நார்க்கழிவு மோசமான பேர்வழி: மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் கனன்று, நீங்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு பற்றும். அரளியைப் பொசுக்காதீர்கள், அதன் புகையும் நஞ்சு. கல்லடியில் அரணையோ தவளையோ இருந்தால் விரட்டிவிட்டுத் தொடங்குங்கள். கையெட்டும் தூரத்தில் தண்ணீர் வரும் ஹோஸ் இருக்க வேண்டும், அல்லது இரண்டு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும். பருத்திச் சட்டை, முழு பேன்ட், மூடிய ஷூ. லுங்கி, சேலை, நைட்டி, பாலியெஸ்டர் எதுவும் வேண்டாம்.

சிலிண்டர் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் துணிகிறார்கள். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டும் என்பது சட்டம். அதன் ரெகுலேட்டரும் குறைந்த அழுத்தத்தில் எரியும் அடுப்புக்கானது. அதைக் கழற்றிவிட்டு வேறெதையோ மாட்டி, கம்பியால் இறுக்குவது உயிரோடு விளையாடுவது. பெட்ரோல் பங்குகளில் அடையாள அட்டை காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அதற்கும் டார்ச்சுக்கும் பொருந்தும் ரெகுலேட்டரும் ஹோஸும் கேட்டு வாங்குங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்ந்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழலுக்குள் வந்து, தீ ஆளுயரம் சீறும். கையில் பிடிக்கும் சிறிய கேன் வைத்த டார்ச்சைக் கவிழ்த்துப் பிடித்தாலும் இதேதான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். அதனால் தாழ்வான மூலையில் சிலிண்டரை வைக்காதீர்கள். நெடுநேரம் எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து வியர்த்து, தீ மட்டுப்படும். அப்போது நிறுத்தி ஓய்வு கொடுங்கள். சிலிண்டரைச் சூடுபடுத்த நினைக்கவே வேண்டாம்.

அணைக்கும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஹோஸில் மிச்சமுள்ள வாயு எரிந்து தீர்ந்ததும் டார்ச் வால்வை மூடுங்கள். முனை வெகுநேரம் சுடும். புல்மேல் போடாமல் வெறும் கல்மேல் வையுங்கள். அடுத்த அரைமணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

இவ்வளவும் பார்த்துச் செய்ய முடியும் என்றால், பாத்திகள் நிறைய வைத்திருப்பவருக்கு டார்ச் உதவும். வாசலில் நாலு பேவர் பிளாக் இடுக்கும் பத்துத் தொட்டியும் வைத்திருப்பவருக்கு இது தேவையற்ற செலவு. ஒரு கெட்டில் கொதிநீரை இடுக்கில் ஊற்றினாலும் செடி வாடும், தீப்பிடிக்கும் பயமும் இல்லை. கோரைக்குக் களைக்கொத்துதான், கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் இரண்டு எண்களைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்: கேஸ் கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101.