காலப்படியும் கணக்கின் நிலைத்தன்மையும்

உராய்வற்ற தளத்தில் சுருள்வில் ஒன்றுடன் இணைக்கப்பட்ட 1 கிலோகிராம் நிறை அலைவுறுகிறது. சுருள்வில் மாறிலி மீட்டருக்கு 1 நியூட்டன். எனவே கோண அதிர்வெண் நொடிக்கு 1 ரேடியன். இவ்வமைப்பின் மொத்த ஆற்றல் மாறாதது என்பதை நாம் அறிவோம். ஆயினும், இதே அலைவைக் கணினியில் கணக்கிடும்போது அதன் வீச்சு சில வேளைகளில் ஓயாமல் பெருகிக்கொண்டே போகிறது. இல்லாத ஆற்றல் எங்கிருந்து வந்தது?

தொடர்ந்து செல்லும் காலத்தைக் கணினி சிறு சிறு படிகளாக வெட்டிக்கொள்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் விளக்கிய எளிய முறையில், ஒரு படியின் தொடக்கத்தில் உள்ள திசைவேகமும் முடுக்கமும் அப்படி முடியும்வரை மாறாதவை எனக் கொள்ளப்படுகின்றன. பிழை இங்கேதான் நுழைகிறது. இடப்பெயர்ச்சியை ஓர் அச்சிலும் திசைவேகத்தை மற்றோர் அச்சிலும் குறித்தால், உண்மையான இயக்கம் ஒரு வட்டமாக அமையும். ஆய்லர் முறையோ ஒவ்வொரு படியிலும் அவ்வட்டத்தின் தொடுகோட்டில் நகர்கிறது. தொடுகோட்டில் நகர்ந்த புள்ளி வட்டத்திற்கு வெளியேதான் சென்று நிற்கும். அங்கிருந்து அடுத்த தொடுகோடு. காலப்படி 0.1 நொடியாயின், பிதாகரஸ் தேற்றப்படி ஆற்றல் படிதோறும் 1.01 மடங்காகும். பத்தே நொடியில், அதாவது 100 படிகளில், அது ஏறத்தாழ 2.7 மடங்காகிவிடும். படியை 0.01 நொடியாகக் குறைத்தாலோ, அதே 2.7 மடங்கை எட்ட 100 நொடிகள் ஆகும். நோய் தள்ளிப்போகிறதே தவிரத் தீர்வதில்லை.

தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. முதலில் புதிய திசைவேகத்தைக் கண்டு, பழையதற்கு மாற்றாக அதனைக் கொண்டே புதிய இடத்தைக் கணக்கிட வேண்டும். இப்போது ஆற்றல் சற்றே ஏறி இறங்குமேயன்றிக் கட்டுமீறாது. ஆனால், கோண அதிர்வெண்ணையும் காலப்படியையும் பெருக்கிவரும் எண் 2ஐவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். 1967இல் வெர்லே 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணித்தபோது கையாண்டது இதற்கு நெருங்கிய உறவுடைய முறையே.

படியின் இறுதியில் உள்ள முடுக்கத்தையும் திசைவேகத்தையும் கொண்டு கணக்கிடும் பின்னோக்கு முறையும் உண்டு. அது ஒருபோதும் வெடித்துச் சிதறாது. மாறாக, ஆற்றலைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும். இதுவே கூடுதல் ஏமாற்றம் தருவது எனலாம். பெருகும் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். தேயும் பிழையோ உராய்வுபோல் நடிக்கும்.

மகிழுந்து மோதலைக் கணினியில் ஆராய்வோர்க்கு இவ்வரம்பு அன்றாடச் சிக்கல். எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5000 மீட்டர் செல்கிறது; 5 மில்லிமீட்டர் அளவுள்ள துண்டை ஒரு மைக்ரோ நொடியில் கடந்துவிடும். காலப்படி அதனை மிஞ்சலாகாது. எனவே 0.1 நொடி மோதலுக்கு ஓர் இலட்சம் படிகள் தேவை. எங்கேனும் ஒரு மூலையில் 1 மில்லிமீட்டர்த் துண்டு ஒன்று இருப்பினும், வண்டி முழுமைக்குமான படி ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். அதனால் பொறியாளர்கள் சில வேளைகளில் அத்துண்டின் நிறையை மட்டும் சற்றே கூட்டிக் காட்டி, அதனுள் ஒலி மெல்லச் செல்லுமாறு செய்துகொள்கின்றனர்.