பியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

பெம்பானில் எங்கள் வீட்டு வரிசையில் யாருடைய கார் வந்து நிற்கிறது என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை. சன்னல் கண்ணாடி அதிர்வதை வைத்தே சொல்லிவிடலாம். தன்னுடைய கஞ்சிலையும் அப்படி அதிர வைக்க வேண்டும் என்பது என் சித்தப்பா மகனின் ஆசை. பழைய சப்வூஃபர் ஒன்றையும் இரண்டு சேனல் ஆம்பிளிஃபையர் ஒன்றையும் வாங்கி வந்து, "அண்ணே, நீங்கதானே இஞ்சினியரிங் படிக்கிறீங்க, கடைக்காரனுக்குக் கூலி எதுக்கு?" என்றான். பல்கலைக்கழக விடுமுறை, எனக்கும் கொஞ்சம் பெருமை. ஒப்புக்கொண்டேன்.

ஒரு பகல் வேலைதான். பேட்டரியிலிருந்து செம்புக் கம்பியை இழுத்து, இஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தகட்டில் துளையிட்டு, கம்பளத்துக்கு அடியில் ஓட்டி, பூட்டில் இருக்கும் ஆம்பிளிஃபையருக்குக் கொண்டு போனேன். பியூசும் போட்டேன், ஆம்பிளிஃபையருக்குப் பக்கத்தில், பார்க்க அழகாக.

மூன்றாவது வாரம் ஜாசின் சாலையில் கருகிய நாற்றம் வந்தது. முன் இருக்கையில் இருந்த சித்தியின் காலடியில் புகை. தம்பி காரை ஓரங்கட்டி, போனெட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கழற்றினான். கையில் கொப்புளம். அதோடு போயிற்று.

பியூஸ் எரியவே இல்லை. எரியாததற்குக் காரணம் எளிது. துளையின் கூரான விளிம்பு, வண்டி ஆட ஆட, கம்பியின் உறையை அறுத்துவிட்டது. காரின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனை. ஆகவே மின்சாரம் கம்பி வழியாகப் பாதி தூரம் வந்து, தகட்டில் இறங்கி, அப்படியே பேட்டரிக்குத் திரும்பியது. பூட்டில் இருந்த பியூஸ் வழியாக அது போகவே இல்லை. கார் பேட்டரி இப்படிப்பட்ட வேளையில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கக்கூடியது. பியூஸ் காப்பது ஆம்பிளிஃபையரை என்று நினைத்திருந்தேன். அது காப்பது கம்பியை. அதனால்தான் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அதை வைக்கச் சொல்கிறார்கள். துளைக்கு ஒரு இரப்பர் வளையமும் போட்டிருக்க வேண்டும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள்.

எத்தனை ஆம்பியர் பியூஸ்? 300 வாட் கொடுக்கும் சாதாரண ஆம்பிளிஃபையர் வெப்பமாக வீணாக்குவதையும் சேர்த்து ஏறத்தாழ 500 வாட் இழுக்கும். ஓடும் காரில் 13.8 வோல்ட். வகுத்தால் 36 ஆம்பியர். 8 கேஜ் செம்புக் கம்பியும் 40 ஆம்பியர் பியூசும் போதும். மலிவுக் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதற்கு இன்னும் தடித்த கம்பி வேண்டும்.

இரண்டாவது தவறும் உண்டு. அந்த சப்வூஃபரில் இரண்டு சுருள்கள், ஒவ்வொன்றும் 4 ஓம். தமிழ்ப்பள்ளியில் இரண்டு பல்புகளை வைத்துச் செய்த அதே பாடம்தான்: ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 8 ஓம், பக்கம் பக்கமாக இணைத்தால் 2 ஓம். ஓம் குறைந்தால் சத்தம் கூடும் என்று நண்பர்கள் சொல்ல, 2 ஓமில் இணைத்தேன். ஆனால் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலும் அதில் பாதியைத்தான் உணரும், அதாவது 1 ஓம். இந்த ஆம்பிளிஃபையரோ பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தாங்காது, அடிப்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். தொட முடியாதபடி ஏன் சுடுகிறது என்று நாங்கள் விசிறிக்கொண்டிருந்தோம்!

மறுபடி செய்தபோது முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினேன். எர்த் கம்பியைக் குட்டையாக வெட்டி, சாயம் சுரண்டிய வெறும் இரும்பில் முடுக்கினேன். பாட்டு வரும் கம்பியை மின்கம்பிக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டியதும், இஞ்சினோடு சேர்ந்து கூவிய சத்தம் நின்றது. சுருள்களை 8 ஓமாக மாற்றினேன். அடி கொஞ்சம் குறைந்ததில் தம்பிக்கு வருத்தம்தான். ஆம்பிளிஃபையர் இப்போது மிதமாகத்தான் சுடுகிறது.

சித்தி மட்டும் அன்றிலிருந்து பின் இருக்கைக்கு மாறிவிட்டார், முதுகுக்குப் பின்னால் சப்வூஃபர் இடித்தாலும்.