உங்களுக்குத் தெரியுமா? மூன்றெழுத்துக்கு 430 பொருள்!

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிக இடத்தை அடைத்துக்கொண்ட சொல் எது? 'செட்'. மொத்தம் 430 பொருள்! சூரியன் மறைந்தாலும் செட், சிமென்ட் இறுகினாலும் செட். அலாரம் வைப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, அச்சுக் கோப்பது எல்லாமே செட்தான். பிற்பாடு அகராதியைத் திருத்தியபோது 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள். அவற்றைப் பிரித்து அடுக்க அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்ததாம். பாவம் மனிதர்!

நம்மவர்களும் செட்டைச் சும்மா விடவில்லை. வயலில் பம்ப் செட், ஓட்டலில் செட் தோசை, படப்பிடிப்பில் கோயில் செட். தீபாவளிக்கு எடுத்த சட்டை பொருந்தவில்லையா? "நமக்கு இது செட் ஆகாதுப்பா!"