இரு கரைகளின் ஆரவாரம்

தீவில் வாழ்வோருக்குத் திசைகள் நான்கு என்பது பெயரளவில்தான். வடக்கே சென்றால் கொல்கத்தா. மேற்கே சென்றால் சென்னை. இரண்டும் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தொலைவில், கப்பலில் மூன்று நாட்பயணத்தில் உள்ளன. 2024-ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என்று வழங்கப்பெற்று, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பூண்டுள்ள நம் தலைநகருக்கு அரிசியும் துணியும் சிமெண்டும் இவ்விரு துறைமுகங்களிலிருந்தே நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுடன் கண்ணுக்குத் தெரியாத சரக்கு ஒன்றும் வந்து இறங்குகிறது. அதுவே விளையாட்டு அபிமானம்.

2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இத்தீவுகளில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் வங்காள மொழியினர்; பதினைந்து பேர் தமிழர். ஆகவே ஒரே தெருவில், ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமும், சென்னை அணிக்கு ஒரு வீடும் கொல்கத்தா அணிக்கு ஒரு வீடும் கைதட்டுவது நமக்கு அன்றாடக் காட்சி. 2012-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடைபெற்ற ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் சென்னை அணியார் 190 ஓட்டங்கள் எடுத்தும், கொல்கத்தா அணியார் இரண்டு பந்துகள் எஞ்சியிருக்கையில் வென்றனர். அந்த இரவில் எந்த வீட்டில் விளக்கு முன்னதாக அணைந்தது, எந்த வீட்டில் இனிப்பு வழங்கப்பட்டது என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே ஆராயத்தக்க பொருள் ஒன்று உண்டு. ஓர் ஊர் தன் அணியைக் கொண்டாடும் விதம் மற்றோர் ஊரின் விதத்தை ஒத்திருப்பதில்லை. சத்தம் எங்கும் சத்தமே. ஆயினும் அதன் பொருள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது. இதற்குச் சென்னையையும் கொல்கத்தாவையும் விடச் சிறந்த சான்று கிடைப்பதரிது.

1999-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களை நினைவுகூர்வோம். நெடுநாள் இடைவெளிக்குப் பின் பாகிஸ்தான் அணியார் டெஸ்ட் ஆட்டங்களுக்காக இந்தியா வந்திருந்தனர். அவர்கள் வருகையை எதிர்த்தவர்கள் தில்லி மைதானத்தின் ஆடுதளத்தையே இரவோடிரவாகத் தோண்டிப் பாழ்படுத்தினர். முதல் ஆட்டம் சென்னைக்கு மாற்றப்பட்டது. நாடெங்கும் மனக்கொதிப்பு நிலவிய வேளை. இந்தியா வெற்றி பெற 271 ஓட்டங்கள் தேவை. முதுகுவலியால் துடித்துக்கொண்டே ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து, அணியைக் கரையருகே கொண்டுவந்து நிறுத்தி, ஆட்டமிழந்தார். எஞ்சியவை பதினேழு ஓட்டங்கள். கையிலோ மூன்று விக்கெட்டுகள். நான்கு ஓட்டங்களுக்குள் அம்மூன்றும் வீழ்ந்தன. பன்னிரண்டு ஓட்டங்களில் இந்தியா தோற்றது.

சிறிது நேரம் சேப்பாக்கம் ஊமையாயிற்று. பின்னர்ப் பார்வையாளர்கள் ஒவ்வொரு பகுதியாக எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினர். அக்கைதட்டல் பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்கு உரியது. அவர்கள் வியந்து, மைதானத்தைச் சுற்றி வலம்வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டனர். இரண்டாண்டுகட்கு முன்பு, 1997-ஆம் ஆண்டு மே திங்களில், அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்து அந்நாளைய உலக சாதனையை நிகழ்த்தியபோதும் இவ்வூர் மக்கள் அவரைப் பாராட்டி அனுப்பியிருந்தனர். எனவே 1999-இல் நிகழ்ந்தது ஒருநாள் வியப்பன்று, பழகிப்போன குணம்.

பத்தொன்பது நாட்கள் கழிந்தன. பிப்ரவரி 19-ஆம் நாள், கொல்கத்தா ஈடன் தோட்ட மைதானம். அதே இரு அணிகள். டெண்டுல்கர் ஓடிவருகையில் பந்துவீச்சாளர் ஷோயிப் அக்தர் மீது மோதி, எல்லைக்கோட்டை அடையுமுன் ரன் அவுட் ஆனார். மோதல் வேண்டுமென்று நிகழ்ந்ததன்று என்பதே பலர் கருத்து. ஆயின் கூட்டத்திற்கு அந்த ஆராய்ச்சி ஏது? புட்டிகளும் பழங்களும் மைதானத்தில் வந்து விழுந்தன. டெண்டுல்கரே வெளியே வந்து கைகூப்பிச் சுற்றிவர நேர்ந்தது. மறுநாள் தோல்வி நெருங்கவே கலவரம் மீண்டும் மூண்டது. காவலர் பல்லாயிரம் பேரை வெளியேற்றி, ஆளரவமற்ற மைதானத்தில் ஆட்டத்தை முடித்து வைத்தனர். அதற்கு மூன்றாண்டுகட்கு முன்பு, 1996 மார்ச் 13-ஆம் நாள், உலகக் கோப்பை அரையிறுதியிலும் அவ்விடமே கொந்தளித்தது. அன்று நடுவர் குழுவினர் ஆட்டத்தை நிறுத்தி வெற்றியை இலங்கைக்கு வழங்கினர்.

இதைக் கூறியதும் நம்மவர் சிலர் நிமிர்ந்து உட்கார்வர் என்பது தெரியும். சற்றுப் பொறுக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், காவிரிக் கிளர்ச்சியின்போது, சேப்பாக்கத்தின் புல்தரையிலும் காலணிகள் வந்து விழுந்தன. அதனால் சென்னை அணியின் எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் அனைத்தும் புனேக்கு மாற்றப்பட்டன. மறுபுறம், 2001-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் ஈடன் தோட்டத்துக் கூட்டம் செய்த காரியத்தை வேறெந்த ஊர்க் கூட்டமும் செய்ததாகச் சொல்வதற்கில்லை. தொடர்ந்து பதினாறு டெஸ்ட் ஆட்டங்களில் வென்று வந்த ஆஸ்திரேலியரிடம் இந்தியா பின்தங்கி, தொடர்ந்து மீண்டும் ஆடும் நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. வி.வி.எஸ். லட்சுமணும் இராகுல் திராவிடும் நான்காம் நாள் முழுவதும் பிரியாமல் நின்றனர். ஐந்தாம் நாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. ஹர்பஜன் சிங் பந்தை எடுத்து ஓடும்போதெல்லாம் எழுந்த ஓசை, துடிப்பாட்டக்காரர்களின் காலைக் கட்டியது போலிருந்தது. இந்தியா 171 ஓட்டங்களில் வென்றது. தோற்கடித்தவனுக்கும் கைதட்டும் நிதானம் சென்னைக்குப் பெருமை. தோற்கவிருப்பவனை எழுப்பி நிறுத்தும் வெறி கொல்கத்தாவின் சொத்து. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது எமக்கு உடன்பாடன்று.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கொல்கத்தாவில் விளையாட்டு, பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் மோகன் பகான் கழகத்தார், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலப் படைப்பிரிவின் கால்பந்து அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். அன்றுமுதல் அங்கே வெற்றி என்பது மானத்தின் பெயர். 1920-இல் கிழக்கு வங்காளத்தாரின் மனக்குறையிலிருந்து ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றியது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் வீடிழந்து வந்த இலட்சக்கணக்கானோருக்கு அக்கழகமே ஊராயிற்று, உறவாயிற்று. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் சந்தையில் கிராக்கி ஏறும் என்பது அந்நகரத்து வழக்கு. அந்த அன்பு உயிரையும் வாங்கியிருக்கிறது. 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் இவ்விரு கழகங்களும் ஈடன் தோட்டத்தில் மோதியபோது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர்.

அந்தக் கிழக்கு வங்காளத்து அகதிகளின் ஒரு கிளைதான் 1949 முதல் நம் தீவுகளில் குடியேற்றப்பட்டது. நம் பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் முன் கத்தும்போது, அது வெறும் பந்துக்காக எழும் குரலன்று. அவருடைய பாட்டனார் விட்டுவந்த ஊரின் பெயரும் அதில் கலந்திருக்கின்றது. இதை அறிந்தால் சுவருக்கு அப்பால் எழும் சத்தம் நமக்குச் சற்றே இனிமையாகக்கூடும். இராத்தூக்கம் கெடுவது கெடும்தான்!

சென்னையின் கதை வேறு. அங்கே ஊரை இரண்டாகப் பிளக்கும் கழகம் ஏதும் வேரூன்றவில்லை. தெருவிலும் பள்ளியிலும் கல்லூரியிலும், வார இறுதிக் கழகப் பந்தயங்களிலும் ஆடிப் பழகியவர்களே பெரிய ஆட்டங்களுக்குப் பார்வையாளராக வந்தமர்ந்தனர். சங்கீத சபையில் தாளம் போட்டுக் கேட்பவரைப் போல, நுட்பத்தை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் படிந்தது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றது. அந்த ஆட்டத்தில் சதம் அடித்த இருவரில் ஒருவர் வங்காளத்துப் பங்கஜ் ராய். அவரே 1956 ஜனவரியில் சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில் வினூ மன்கடுடன் சேர்ந்து தொடக்க இணையாக 413 ஓட்டங்கள் குவித்தார். 2008 வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அது உலக சாதனையாக விளங்கியது. கொல்கத்தாவின் மைந்தர் ஒருவர் தம் பேர் சொல்லும் ஆட்டங்களை ஆடியது நம் சென்னையில் என்பதைப் பக்கத்து வீட்டாருக்கு ஒருமுறை எடுத்துச் சொல்லலாம்.

கூட்டத்தின் ஓசை ஆட்டத்தின் முடிவை உண்மையில் மாற்றுமா என்று அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். 2002-இல் வெளியான ஓர் ஆங்கில ஆய்வில், நாற்பது கால்பந்து நடுவர்களிடம் ஒரே ஆட்டத்தின் படம் காட்டப்பட்டது. சிலருக்குக் கூட்டத்தின் இரைச்சலுடன், சிலருக்கு ஓசையின்றி. இரைச்சலைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக விதித்த தவறுகள் நூற்றுக்குப் பதினைந்து அளவில் குறைந்தன. ஆகவே ஆரவாரம் ஆட்டக்காரரின் உள்ளத்தைத் தொடுவது ஒருபுறமிருக்க, நடுவரின் காதையும் தொடுகின்றது. கொரோனா நோய் பரவிய 2020-இல் ஐரோப்பியக் கால்பந்தாட்டங்கள் வெற்று அரங்குகளில் நடைபெற்றபோது, உள்ளூர் அணியின் அனுகூலம் தணிந்ததையும், விருந்தினருக்குக் காட்டப்படும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததையும் பலர் கணக்கிட்டுக் காட்டினர்.

கூடைப்பந்தாட்டத்தில் இதன் வேகம் இன்னும் மிகுதி. கூரையிட்ட மண்டபம், ஆட்டக்களத்தை ஒட்டினாற்போல் இருக்கைகள், எதிரணியான் கூடையை நோக்கித் தனியே நின்று பந்தெறியும் நேரத்தில் கூடைக்குப் பின்னால் நூறு கைகள் அசையும். அமெரிக்காவில் சாக்ரமெண்டோ நகர மக்கள் 2013 நவம்பரில் தம் அரங்கில் எழுப்பிய கூச்சல் 126 டெசிபல் என அளக்கப்பெற்று, அன்றைய உலக சாதனையாகப் பதிவாயிற்று. அப்போது அவர்களுடைய அணி பல்லாண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்தது என்பதுதான் விந்தை. வெற்றி பெறும் ஊர்தான் உரக்கக் கத்தும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அவ்வணியை அந்நகரிலிருந்து வேறோர் ஊருக்குப் பெயர்த்துச் செல்லும் முயற்சி அவ்வாண்டில்தான் முறியடிக்கப்பட்டது. இழக்கவிருந்த பொருளின் மீது அன்பு பெருகுவது உலக இயல்பு.

அதே சாக்ரமெண்டோ அணி 2019 அக்டோபர் 4-ஆம் நாள் மும்பையில் இண்டியானா அணியுடன் ஆடியது. பார்வையாளர்கள் ஏறத்தாழ மூவாயிரம் பள்ளிச் சிறுவர் சிறுமியர். இரு அணிகளில் எதுவும் அவர்களுடையதன்று. ஆகவே யார் பந்தைக் கூடையில் இட்டாலும் அவர்கள் துள்ளிக் குதித்தனர். ஆட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டு, இண்டியானா ஒரே புள்ளியில் வென்றது.

அந்தப் பிள்ளைகளின் நிலைதான் ஒருவகையில் நம் பிள்ளைகளின் நிலையும். தொழில்முறை அணி எதுவும் நம் தீவுகளுக்கு இல்லை. பிழைப்பு நாடி வந்தவர்களின் மக்களாயினும், 1964 உடன்படிக்கையின்பின் இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரராயினும், பலர் சேப்பாக்கத்தை ஒருமுறையேனும் கண்டவரல்லர். ஆயினும் மஞ்சள் சட்டை அணிகின்றனர். இதில் நகைப்பதற்கு ஏதுமில்லை. 2018-இல் ஆட்டங்கள் புனேக்கு மாறியபோது ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலேறி அணியைத் தொடர்ந்து சென்றனர். 2023 ஏப்ரல் 23-ஆம் நாள் ஈடன் தோட்டமே தோனியின் பொருட்டு மஞ்சள் நிறமாயிற்று. கொல்கத்தா அணி தன் வீட்டிலேயே விருந்தாளியாய் நின்று, 49 ஓட்டங்களில் தோற்றது. அபிமானம் ஊர் எல்லைக்குள் அடங்குவதன்று.

எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. கார் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில், உலக இளையோர் சைக்கிள் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். உலக அளவிலான தடச் சைக்கிள் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதற் பதக்கம் அது. மறு ஆண்டு அவர் இடம்பெற்ற இந்திய இளைஞர் குழு தங்கமே வென்றது. 2004 ஆழிப்பேரலையில் உயிர் தப்பிய சிறுமியான தெபோரா ஹெரால்டும் வளர்ந்து இந்தியாவுக்காகச் சைக்கிள் பந்தயங்களில் பதக்கங்கள் ஈட்டினார். இவர்கள் பெரும்பாலும் பயின்றதும் ஓடியதும் தில்லியிலும் அயல்நாட்டிலும். சொந்தத் தீவினர் அரங்கு நிறைய எழுந்து நின்று கைதட்டிய ஓசையை அவர்கள் பந்தயத்தின் நடுவே கேட்டிருக்க வாய்ப்பில்லை. நிக்கோபாரியர் தம் ஹோடிப் படகுப் பந்தயங்களில் கரையெங்கும் திரண்டு துடுப்புப் போடுவோரை ஊக்குவதைக் கண்டவர்கள், அம்மக்களுக்கு ஆரவாரம் புதிதன்று என்பதை அறிவர்.

நம் தலைநகரின் நேதாஜி விளையாட்டரங்கில் பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்தாட்டங்கள் நடைபெறும் மாலைகளில் கடற்காற்றும் சில பெற்றோரும் தவிரப் பிறர் குறைவு. ஐ.பி.எல். இரவுகளில் இரு மொழியில் அதிரும் தெருக்கள், அம்மாலைகளில் அமைதியாகவே இருக்கின்றன. வங்காளப் பையனும் தமிழ்ப் பையனும் அங்கே பெரும்பாலும் ஒரே அணியில்தான் ஆடுகின்றனர் என்பதை ஒருமுறை சென்றவர் கண்டிருப்பர்.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்திலோ, அடுத்த திங்கள் ஈடன் தோட்டத்திலோ நேரில் அமர்ந்திருந்தவர் எவரேனும் நம் வாசகரிடையே இருப்பின், தாம் கண்டதையும் தம் அருகிலிருந்தோர் செய்ததையும் நாலு வரி எழுதிச் சங்கத்திற்கு அனுப்புவாராக. வங்காள மொழியில் எழுதி வந்தாலும் பெயர்த்து வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.